ஹார்டு டிஸ்க் சாகிறதா, இல்லை சாட்டா கேபிள்தான் கோளாறா?

கேள்வி:
1 டிபி, 3.5 இன்ச் டிரைவ், விண்டோஸ் 10. போட்டோ ஃபோல்டரைத் திறந்தால் அரை நிமிஷம் அப்படியே நிற்கிறது. டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100%, ஆனால் வேகம் பூஜ்யம். டிரைவின் ஆரோக்கியம் காட்டும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ மஞ்சள் காட்டுகிறது. ரா வேல்யூ: 05-இல் 8, சி5-இல் 18, சி7-இல் 2ஏ. பழுதைத் தேடிச் சரிசெய்யும் விண்டோஸ் கட்டளை, செக் டிஸ்க் ஸ்லாஷ் ஆர் போட்டுப் பார்க்கலாமா சார்?

பதில்:
வேண்டாம், கையை வைக்காதீங்க. முதல்ல எண்ணைச் சரியாப் படிங்க. 2ஏ என்று எழுத்து வருதே, அது ஹெக்ஸ், பதினாறை அடியாக வைத்த எண். அப்போ சி5 பதினெட்டு இல்லை, 24. சி7 42.

சி5 என்பது படிக்க முடியாமல் தொங்கலில் நிற்கும் செக்டர் (டிஸ்கில் தகவல் இருக்கும் சிறு கட்டம்) எத்தனை என்பது. 05 ஏற்கெனவே மாற்று இடத்துக்குப் போனது. 24, 8 இரண்டும் எட்டின் மடங்கு: டிரைவ் உள்ளே 4,096 பைட் செக்டராக வைத்துக்கொண்டு, வெளியே 512 பைட்டாகக் கணக்குக் காட்டுகிறது போல. அப்படியானால் பழுது மூன்றே இடத்தில்தான். அந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதால்தான் அரை நிமிஷ உறைவு. விண்டோஸ் பிழைகளைக் குறித்து வைக்கும் ஈவென்ட் வியூவரில் 7 (பழுதான செக்டர்), 153 (திரும்ப முயன்றது) எண்கள் இருக்கா பாருங்க.

சி7 டிரைவுக்கும் மதர்போர்டுக்கும் நடுவே வந்த பிழை, பெரும்பாலும் கேபிள்தான். அந்த எண் இறங்கவே இறங்காது, ஏறாமல் நின்றால் போதும். கேபிளை மாற்றுங்க, ஆனா சி5-க்கு அது மருந்து இல்லை.

ஸ்லாஷ் ஆர் மொத்த டிஸ்கையும் தேய்த்துப் படிக்கும், போதாக்குறைக்கு அதிலேயே எழுதும். காப்பி எடுக்கும் முன் அது கூடவே கூடாது.

இன்னொரு பதில்:
விண்டோஸைப் பூட் பண்ணாதீங்க. லினக்ஸ் லைவ் பென்டிரைவில் ஏறி, அதே அளவோ பெரிதோ உள்ள காலி டிரைவுக்கு டிடிரெஸ்க்யூ (பழுதான டிஸ்கைக் காப்பி எடுக்கும் புரோகிராம்) போடுங்க. எதுவரை காப்பி ஆச்சு என்று அது குறிக்கும் மேப் ஃபைல் மூன்றாவது டிரைவில் இருக்கட்டும், நடுவில் கரன்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரும். முதல் ஓட்டம் 'என்' ஸ்விட்சோடு, நல்ல பகுதியை அள்ள. அடுத்தது 'டி' (டிஸ்கை நேரடியாகப் படிக்க), 'ஆர்3' (மூன்று முறை மறுபடி முயல). எது மூலம், எது காப்பி என்று சீரியல் நம்பரை வைத்துப் பாருங்க. மாற்றிப் போட்டால் எல்லாம் போச்சு. டக் டக் என்று சத்தம் வந்தால் உடனே பவரை எடுங்க. ஃப்ரீசரில் வைக்கிற வைத்தியம் எல்லாம் வேண்டாம், உள்ளே ஈரம் கோக்கும்.

கேட்டவர்:
கேபிள் மாற்றியாச்சு, சி7 42-லேயே நிற்கிறது. சி5 மட்டும் 40-க்கு ஏறிவிட்டது. காப்பியில் 20,480 பைட் வரவில்லை. எந்த போட்டோ போச்சு என்று எப்படித் தெரியும்?

பதில்:
40 × 512, கணக்கு பொருந்துது. காப்பியில் செக் டிஸ்க் போடும் முன், டிடிரெஸ்க்யூ ஃபில் மோடில் அந்த ஓட்டைகளை ஏதாவது ஓர் அடையாளச் சொல்லால் நிரப்புங்க. பிறகு லினக்ஸில் காப்பியைத் திறந்து (மவுன்ட் செய்து), அந்தச் சொல்லை ஃபைல்களுக்குள் கிரெப் என்ற தேடல் கட்டளையால் தேடினால், அடிபட்டவற்றின் பெயர் வந்துவிடும். போட்டோவாக இருந்தால் பாதிக்குக் கீழே சாம்பல் பட்டையாகத் தெரியலாம். பழைய டிரைவைக் கழற்றி வைங்க. ஃபுல் ஃபார்மட் போட்டால் சி5 பூஜ்யமாகக்கூட ஆகும், அதை நம்பி மறுபடி மாட்டிடாதீங்க.