தங்கச்சிக்கு முதல் ஸ்மார்ட்ஃபோன், கையில 8000 தான் இருக்கு, இஎம்ஐ போடலாமா செகண்ட் ஹேண்ட் எடுக்கலாமா?

லக்கெரே பையன்:

எல்லாருக்கும் வணக்கம். தங்கச்சிக்கு ஃபோன் வாங்கணும், வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க, அதான் இங்க கேக்கறேன். எங்களுக்கு சொந்த ஊரு வந்தவாசி பக்கம், அப்பா யஷ்வந்த்பூர் யார்டுக்கு மூட்டை தூக்க வந்து அப்படியே பெங்களூர்லயே தங்கிட்டோம். நான் பைக்ல பார்சல் டெலிவரி பண்றேன். தங்கச்சிக்கு இருபது நடக்குது, பீன்யா பக்கம் ஒரு கார்மென்ட்ஸ்ல டெய்லர், பிடிச்சதெல்லாம் போக கைக்கு பன்னெண்டாயிரத்து சொச்சம் வரும், அதுல வீட்டுக்கு ஒன்பது குடுத்துடறா.

வீட்ல ஸ்மார்ட்ஃபோன் ஒண்ணே ஒண்ணு, என்னது. அம்மாகிட்ட கீபேட். தங்கச்சியோட ஆதார், பேங்க், பிஎஃப் எல்லாத்துலயும் என் நம்பர்தான் இருக்கு. நான் பகல் பூரா ரோட்டுல. அவ லஞ்ச் டைம்ல பக்கத்து மெஷின் பொண்ணோட ஃபோன்ல இருந்து கூப்பிட்டு "அண்ணா ஓடிபி வந்துச்சா, சீக்கிரம் சொல்லு"ன்னு கேப்பா, நான் ஹெல்மெட்டோட சிக்னல்ல நின்னுட்டு இருப்பேன், ஓரமா நிறுத்தி படிச்சு சொல்றதுக்குள்ள டைம் முடிஞ்சிடும். ஃபேக்டரியில அவங்க தையல் லைனுக்கு ஒரு வாட்ஸாப் குரூப் இருக்கு, ஓவர்டைம் இருக்கா லீவா, பஸ் எத்தனை மணிக்குன்னு எல்லாம் அதுலதான் போடுவாங்க, அவ மட்டும் யாரையாவது கேட்டு தெரிஞ்சுக்கணும். கரஸ்ல பி.காம் வேற படிக்கறா, அசைன்மென்ட், ஹால் டிக்கெட் எல்லாமே நெட்லதான்.

ஏரியாவுல ஒரு மொபைல் கடையில கேட்டோம். 11,499 ஃபோன், முன்பணம் 2,500, அப்புறம் மாசம் 1,325 எட்டு மாசம், "வட்டியே இல்லம்மா"ன்னு சொல்றாங்க, ஃபைல் சார்ஜ் மட்டும் 499னாங்க. எங்க கையில ரொக்கமா 8,000 இருக்கு. 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி குறைச்சப்ப ஃபோனும் குறையும்னு காத்திருந்தோம், பெரிய டீவிக்குத்தான் 28ல இருந்து 18 ஆச்சு, ஃபோனுக்கு 2020 ஏப்ரல்ல 12ஐ 18 ஆக்கினாங்களே, அது அப்படியே இருக்கு. அப்ப 8,000 ரூபா ஃபோன்ல 1,200க்கு மேல வரியே போகுது.

அம்மா "வயசுப் பொண்ணு கையில எதுக்கு, கல்யாணம் ஆனதும் அவன் வாங்கிக் குடுப்பான்"னு ஒரே பிடியா நிக்கறாங்க. எனக்கு அது மனசுக்கு ஒப்பல. விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எஸ்பி ரோடு சர்வீஸ்:

தம்பி, எட்டாயிரத்துல நல்ல செகண்ட் ஹேண்டே கிடைக்கும். ஆனா எங்க வாங்கறோம்ங்கறதுதான் முக்கியம். சண்டே பஜார்ல தரையில விரிச்சு வச்சிருப்பாங்க, பார்க்க மூவாயிரம் நாலாயிரத்துக்கு பளபளன்னு இருக்கும், வேணாம். பில்லும் பாக்ஸும் இல்லாத ஃபோன தொடாதீங்க. கையில எடுத்ததும் *#06# அடிங்க, வர்ற ஐஎம்இஐ நம்பரும் (ஒவ்வொரு ஃபோனுக்கும் தனியா இருக்கற நம்பர்) பாக்ஸ்ல இருக்கறதும் ஒண்ணா இருக்கணும். அதுக்கப்புறம் மெசேஜ்ல கேஒய்எம்னு இங்கிலீஷ்ல போட்டு ஒரு ஸ்பேஸ் விட்டு அந்த நம்பர 14422க்கு அனுப்புங்க, பிளாக் ஆன திருட்டு ஃபோனா இல்லையான்னு அங்கயே தெரிஞ்சிடும். கவர்மென்ட்டோட சஞ்சார் சாத்தி சைட்லயும் இதையே பார்க்கலாம், 2023ல இருந்து நாடு பூரா இருக்கு.

இப்ப புதுசா ஒரு தொல்லை. இஎம்ஐ கட்டி முடிக்காத ஃபோன வித்துட்டுப் போயிடறாங்க. வாங்கினவர் வீட்டுக்குப் போய் ரெண்டு வாரத்துல, தவணை கட்டலன்னு ஃபைனான்ஸ் கம்பெனி ஸ்க்ரீன லாக் பண்ணிடும், என்கிட்ட அழுதுட்டே தூக்கிட்டு வர்றாங்க, நான் என்ன பண்ண முடியும். செட்டிங்ஸ்ல செக்யூரிட்டிக்குள்ள டிவைஸ் அட்மின்னு இருக்கும், அதுல ஃபைனான்ஸ் கம்பெனி பேர்ல ஏதாவது ஆப் இருந்தா அந்த ஃபோன கீழ வச்சிடுங்க. பழைய ஆளோட கூகுள் அக்கவுண்ட்ட உங்க கண்ணு முன்னாடி எடுக்கச் சொல்லி, ரீசெட் பண்ணி, உங்க சிம் போட்டு ஒரு கால் பேசிப் பார்த்துட்டுத்தான் காசு குடுக்கணும்.

காம்போ, அதான் டிஸ்ப்ளேவும் டச்சும் சேர்ந்த செட், மாத்தினதான்னும் பாருங்க. லோக்கல் காம்போ போட்டிருந்தா வெயில்ல ஒண்ணும் தெரியாது, ஓரத்துல டச் எடுக்காது. ஆறு மாசத்துல மறுபடி ஆயிரத்து ஐநூறு செலவு வைக்கும். 5ஜி இல்லைன்னு கவலை வேணாம். 2024 ஜூலையில ஜியோவும் ஏர்டெல்லும் ரீசார்ஜ் ரேட்டு ஏத்தினாங்கல்ல, அப்பவே அன்லிமிடெட் 5ஜிய நாளைக்கு 2 ஜிபியும் அதுக்கு மேலயும் உள்ள பிளானுக்கு மட்டும்னு ஆக்கிட்டாங்க, சின்ன பிளான் போட்டா அது எப்படியும் வராது. ஸ்டோரேஜ் மட்டும் 128 ஜிபி பாருங்க, 64 எல்லாம் வாட்ஸாப்புக்கே பத்தாது.

கலெக்ஷன்ல இருந்தவன்:

நான் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியில கலெக்ஷன்ல இருந்து வெளிய வந்தவன், பேரு வேணாம். பிரதர், அந்த "வட்டியே இல்ல"ங்கற கணக்க ஒரு தடவை பேப்பர்ல போட்டுப் பாருங்க. எட்டு மாசம் 1,325ன்னா 10,600, முன்பணம் 2,500, ஃபைல் 499, ஆக மொத்தம் 13,599. ஃபோன் ரேட்ட விட 2,100 ஜாஸ்தி. கையில நிஜமா கிடைக்கற கடன் 8,500 தான், அதுவும் மாசா மாசம் குறைஞ்சுட்டே வருது, வருஷ வட்டியா பார்த்தா 60 சதவீதத்துக்கு மேல போகும். ஜீரோ வட்டின்னு ஒண்ணே கிடையாதுன்னு ரிசர்வ் பேங்க் 2013லயே பேங்குகளுக்கு சர்க்குலர் போட்டுச்சு. 2024 அக்டோபர்ல இருந்து எந்த சின்ன லோனா இருந்தாலும் எல்லா சார்ஜும் சேர்த்து வருஷத்துக்கு எத்தனை சதவீதம்னு எழுதின ஒரு பேப்பர் குடுத்தே ஆகணும், கீ ஃபேக்ட் ஸ்டேட்மென்ட்னு பேரு. கடையில அதக் கேளுங்க. குடுக்க மாட்டேன்னா எழுந்து வந்துடுங்க.

அதைவிட பெருசு தேதி. கார்மென்ட்ஸ்ல சம்பளம் 7ல இருந்து 10க்குள்ள விழும், இஎம்ஐ தேதி 2ன்னோ 5ன்னோ போட்டுடுவாங்க, பொண்ணு அக்கவுண்ட்ல அன்னிக்கு நூறு ரூபா கூட இருக்காது, ஆட்டோ டெபிட் பவுன்ஸ் ஆகும். ஃபைனான்ஸ்ல ஒரு ஃபைன், பேங்க்ல தனியா ஒண்ணு, ரெண்டுக்கும் மேல ஜிஎஸ்டி, அப்புறம் நம்ம கடன் ஸ்கோர் வச்சிருக்கற சிபில்லயும் போய் ஏறிடும். நான் வேலை பார்த்தப்ப லிஸ்ட்ல வந்தவங்க முக்காவாசி பேரு ஏமாத்தணும்னு நினைச்சவங்க இல்ல, சம்பளம் மூணு நாள் பின்னாடி வந்தவங்க. அதுலயும் உங்கள மாதிரி டெலிவரி ஓட்டற பசங்க நிலைமை ரொம்ப மோசம், ஃபோன லாக் பண்ணிட்டா ஆர்டர் எடுக்க முடியாது, ஆர்டர் எடுக்காம கட்டறதுக்கு காசு எங்க இருந்து வரும்? அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்லாமத்தான் வேலையவே விட்டேன்.

இஎம்ஐயே போடாதீங்கன்னு சொல்லல. போட்டா தேதி 12க்கு அப்புறம் கேட்டு வாங்குங்க. தங்கச்சி பேர்ல போட்டு ஒழுங்கா கட்டினா அவளுக்கு ஒரு ஸ்கோர் உருவாகும், நாளைக்கு வேற லோனுக்கு உதவும், அது உண்மை.

அல்சூர் மூர்த்தி:

தம்பி, நான் வயசுல மூத்தவன், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க அம்மா சொல்றதுலயும் ஒரு பயம் இருக்கு, அத தள்ளிடாதீங்க. எங்க தெருவுல ஒரு பையன் லோன் ஆப்ல மாட்டி, அவன் ஃபோன்ல இருந்த நம்பருக்கெல்லாம் கண்டபடி மெசேஜ் போச்சு, வீட்ல எல்லாரும் தலை குனிஞ்சு நின்னாங்க. ரீசார்ஜையும் யோசிங்க. 299 ரூபா பிளான் 28 நாளைக்குத்தான், வருஷத்துக்கு 13 தடவை போடணும், 3,887 ஆகுது, கிட்டத்தட்ட ஃபோன் விலையில பாதி. இப்போதைக்கு ஒரு கீபேட் எடுத்துக் குடுங்க, யுபிஐ கூட கீபேட்ல வருது, 2022லயே 123பேன்னு கொண்டு வந்தாங்க. பேசறதுக்கு மட்டும்னு தனி பிளானும் இருக்கு, டெலிகாம் கம்பெனிகள கண்காணிக்கற ட்ராய் சொல்லித்தான் விட்டாங்க.

சீட்டு அக்கா:

மூர்த்தி அண்ணே, உங்க பயம் புரியுது, ஆனா கீபேட்ல அந்தப் பொண்ணோட வேலை நடக்காது. நான் பொம்மனஹள்ளில ரொம்ப வருஷம் லைன்ல இருந்தேன், இப்ப செக்கிங். புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கு பிஎஃப் யுஏஎன் நம்பர் எடுக்கணும்னா 2025 ஆகஸ்ட்ல இருந்து கவர்மென்ட்டோட உமங் ஆப்ல முகத்த காட்டித்தான் எடுக்கணும், ஆதார் நம்பருக்கு ஓடிபி வரும். எங்க எச்ஆர் ரூம் வாசல்ல பொண்ணுங்க வரிசையா நிப்பாங்க, ஒரே ஒருத்தி ஃபோன வாங்கி வாங்கி ஒவ்வொருத்தியும் முகத்த காட்டுவா, ஓடிபி ஊர்ல இருக்கற அப்பா நம்பருக்கோ புருஷன் நம்பருக்கோ போயிருக்கும். அவ வியர்வை சிந்தின பணம், அத எடுக்கறதுக்கு இன்னொருத்தர் ஃபோன எடுக்கற வரைக்கும் காத்திருக்கணும். சண்டை போட்டுப் பிரிஞ்ச ஒருத்திக்கு அவ பிஎஃப் எடுக்க எத்தனை நாள் அலைஞ்சோம்னு எனக்குத்தான் தெரியும்.

இது ஒரு வீட்டுக் கதை இல்ல. ஏசர்னு ஒரு கல்வி சர்வே, 2023ல கிராமத்துல 14ல இருந்து 18 வயசு பிள்ளைங்ககிட்ட எடுத்தாங்க, ஸ்மார்ட்ஃபோன் ஓட்டத் தெரிஞ்சவங்கள்ல சொந்தமா வச்சிருக்கற பசங்க 43.7 சதவீதம், பொண்ணுங்க 19.8. வீட்ல ஃபோன் இருக்கு, அவகிட்ட இல்ல. 2019-21 குடும்ப நல சர்வேயில தானே வச்சு யூஸ் பண்ற மொபைல் இருக்கற பொம்பளைங்க 54 சதவீதம், அதுலயும் கீபேட் சேர்த்திதான்.

அதனால தம்பி, எந்த ஃபோன்ங்கறது ரெண்டாவது. முதல்ல அவ பேர்ல, அவ ஆதார்ல ஒரு சிம் எடுங்க. அப்புறம் போஸ்ட் ஆபீஸோ பெங்களூர் ஒன்னோ, ஆதார் பார்க்கற எடத்துக்கு கூட்டிட்டுப் போய் ஆதார்ல அந்த நம்பர மாத்துங்க, 75 ரூபா, பேப்பர் எதுவும் வேணாம், கைரேகை போதும். அது மாறினதும் பேங்க்லயும் பிஎஃப்லயும் மாத்துங்க. அந்த நம்பருக்கு ரீசார்ஜ் விட்டுப்போகாம பார்த்துக்கணும், ரொம்ப நாள் சும்மா விட்டா நம்பர் வேற யாருக்கோ போயிடும், ஓடிபியும் அவங்களுக்குப் போகும். ஃபோன் பாஸ்வேர்ட் அவளுக்கு மட்டும் தெரியட்டும். நீங்க நல்ல அண்ணன்தான், கேட்ட விதத்துலயே தெரியுது, இருந்தாலும் உங்களுக்கும் சொல்ல வேணாம்.

காசுக்கு ஒரு வழி. எங்க லைன்ல பத்து பேர் மாசம் ஆயிரம் சீட்டு போடுவோம், ஏலம் கிடையாது, குலுக்கல்தான், யாருக்கு அவசரமோ அவங்களுக்கு முதல்ல விட்டுக் குடுப்போம். எங்க லைன்ல ஃபோன் வாங்கினவங்க பாதிப்பேர் சீட்டு காசுலதான் வாங்கினாங்க, வட்டி இல்ல, லாக்கும் இல்ல. 2023 ஜூன்ல சக்தி ஸ்கீம்ல பொம்பளைங்களுக்கு பஸ் ஃப்ரீ ஆனதுல இருந்து பாஸுக்குப் போன காசையே சீட்டுல போடறவங்க நிறைய.

அம்மாகிட்ட பேசறப்ப ஓவர்டைம் விஷயத்த சொல்லுங்க. ராத்திரி எட்டு மணிக்கு ஃபேக்டரிய விட்டு வர்ற பொண்ணு, பஸ் ஏறிட்டேன்னு ஒரு வார்த்தை சொல்ல முடியணும்ல? அது அம்மாவுக்குப் புரியும்.

லக்கெரே பையன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. அக்கா, நீங்க சொன்னத அப்படியே தங்கச்சிகிட்ட படிச்சுக் காட்டினேன், "அந்த அக்கா நம்பர் கிடைக்குமா"ன்னு கேட்டா. அம்மாகிட்ட பஸ் விஷயம் சொன்னேன், உடனே சரின்னு சொல்லல, ஆனா "ராத்திரி வர்றப்ப கூப்பிடணும், அப்படின்னா வாங்கு"ன்னாங்க. மூர்த்தி சார், லோன் ஆப் எதுவும் போடக்கூடாதுன்னு அவகிட்ட சொல்லிட்டேன், நானும் போட மாட்டேன்.

இஎம்ஐ வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். சிம் நாளைக்கு எடுக்கறோம், அவளுக்கு வீக் ஆஃப் வர்ற அன்னிக்கு ஆதார். செகண்ட் ஹேண்ட்தான் எடுக்கறோம். சர்வீஸ் அண்ணா, ஞாயித்துக்கிழமை எஸ்பி ரோட்டுல கடை இருக்குமா? அவளும் வந்து பார்த்து எடுக்கணும்னு சொல்றா.

எஸ்பி ரோடு சர்வீஸ்:

ஞாயிறு முக்காவாசி மூடியிருக்கும் தம்பி. சனிக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சு நேரா வாங்க, ஏழரை வரைக்கும் இருப்போம். எந்த ஃபோன் பிடிச்சாலும் ஒரு மாசம் கடை வாரண்டி எழுதி சீல் வச்சு கேளுங்க, வாய்ல சொல்றத நம்ப வேணாம், அது என் கடையா இருந்தாலும் சரி. பில்லு தங்கச்சி பேர்ல போடச் சொல்லுங்க. புது சிம்மையும் கொண்டு வரச் சொல்லுங்க, அதப் போட்டு ரெண்டு ஸ்லாட்லயும் நெட்வொர்க் எடுக்குதா, மைக் கேக்குதான்னு அவளே பேசிப் பார்க்கட்டும்.