பின்சில்லில் மட்டும் ஏழு கிழமையில் ஐந்து முறை காற்றுப் போய்விட்டது. என்ன செய்யலாம்?

வெள்ளவத்தைச் சவாரி:

எல்லோருக்கும் வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து கோட்டைக்குத் தினமும் சைக்கிளில் வேலைக்குப் போய்வருகிறேன். 2022இல் பெற்றோல் வரிசையில் நின்று அலுத்துப்போய் வாங்கிய சைக்கிள். வரிசை போய்விட்டது, நான் சைக்கிளை விடவில்லை. 26 அங்குலச் சில்லு, 1.95 அகல ரயர், கார் ரயரில் இருப்பது போன்ற தடித்த வால்வு. மரைன் டிரைவ் வழியாகக் கொள்ளுப்பிட்டி, பிறகு காலிமுகத்திடல். ஒரு வழிக்கு எட்டு ஒன்பது கிலோமீற்றர் வரும்.

முதல் இரண்டு வருடத்தில் மொத்தமாக மூன்று தடவைதான் காற்றுப் போயிருக்கும். இப்போது ஏழு கிழமைக்குள் ஐந்து தடவை, எல்லாம் பின்சில்லு. முதல் முறை மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில், பம்பலப்பிட்டியில். ஒட்டுப் போட்டேன். நாலாம் நாள், கந்தோரில் நிறுத்தி வைத்த இடத்திலேயே சப்பையாகிக் கிடந்தது. மறுபடியும் ஒட்டு. மூன்றாம் முறை கடைக்காரர் புது ரியூப் போட்டார். அந்தப் புது ரியூப்பும் பத்து நாளில் போய், அதற்கும் ஒட்டு. நேற்று இரவு ஏழரைக்கு ஐந்தாவது. பாதாளச் சாக்கடை மூடி ஒன்றில் ஏறி இறங்கிய கையோடு 'புஸ்'. இரண்டு ஓட்டோக்காரர்கள் சைக்கிளைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்கள். கந்தோர்ச் சப்பாத்தோடு வீடு வரை தள்ளிக்கொண்டு வந்தேன்.

"இப்ப வாற ரியூப் எல்லாம் இப்பிடித்தான் தம்பி" என்கிறார் கடைக்காரர். ரயரில் பூ இன்னும் தேயவில்லை. ரயரையும் மாற்ற வேண்டுமா? இந்த மாதம் கையில் அவ்வளவு காசு இல்லை.

பழைய ரலி:

தம்பி, ரயரும் வாங்க வேண்டாம், ரியூப்பும் வாங்க வேண்டாம். முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: ஓட்டை எங்கே?

நாலு தடவை ஒட்டியிருக்கிறீர்கள், மாற்றியிருக்கிறீர்கள். ஏன் ஓட்டை விழுந்தது என்று யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை. ரியூப்பைக் கழற்றிக் காற்றடித்து, வாளித் தண்ணீரில் அமிழ்த்திக் குமிழி வரும் இடத்தில் பேனையால் குறி போடுங்கள். பிறகு மூன்று விஷயம் பாருங்கள். ஓட்டை ரயர்ப் பக்கத்திலா, கம்பிகள் இருக்கும் உள்பக்கத்திலா? ஒன்றா, பக்கத்தில் பக்கத்தில் இரண்டா? வால்விலிருந்து எத்தனை சாண் தூரம்?

உள்பக்கம் என்றால் குற்றவாளி ரிம்மில் இருக்கிறான்: கம்பி முனை நீட்டிக்கொண்டிருக்கும், அல்லது அதை மூடும் நாடா விலகியிருக்கும். வெளிப்பக்கம் என்றால் தெருவிலிருந்து வந்தவன். வால்வின் அடியிலேயே கிழிந்திருந்தால், காற்றுக் குறைவாக ஓடி ரயர் நழுவி ரியூப்பை இழுத்திருக்கிறது.

உங்களுடையது கார் வால்வு என்பதால் ஒரு தொல்லை குறைவு. எங்கள் காலத்து வால்கட்டை என்றால் உள்ளே இருக்கும் சின்ன ரப்பர்க் குழாய் இற்றுப்போயே பாதிக் காற்றுப் போகும். எச்சில் தொட்டு வைத்துப் பார்த்தால் குமிழி காட்டிக்கொடுக்கும். (பள்ளிக்கூடத்தில் பகை முடிக்க வால்கட்டையைக் கழற்றிக்கொண்டு போவோம். அது வேறு கதை.)

பழைய ரியூப்பை எறிந்துவிடவில்லையே?

தெஹிவளைக் காற்று:

ஐயா சொன்னதோடு ஒன்று. எத்தனை பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) அடிக்கிறீர்கள்? கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்து "சரி" என்று சொல்வதெல்லாம் கணக்கில் இல்லை. மூடியில் ஏறி இறங்கின உடனே போனது என்றால் எனக்கு அதில்தான் சந்தேகம்.

வெள்ளவத்தைச் சவாரி:

எறியவில்லை. எறியாதது என் கெட்டித்தனமும் இல்லை, பழைய ரியூப்பை அம்மா பூச்சாடிக்குக் கட்டுப் போட எடுத்து வைத்திருந்தார். மீட்டுக்கொண்டேன்.

இரண்டையும் வாளியில் போட்டுப் பார்த்தேன். பழையதில் இரண்டு ஒட்டு, ஒட்டாத ஓட்டை ஒன்று. மூன்றும் வெளிப்பக்கம், ஒன்றுக்கொன்று இரண்டு அங்குலத்துக்குள். வால்விலிருந்து ஏறக்குறைய மூன்று சாண். புதியதில் இருக்கும் ஒட்டும் வெளிப்பக்கம்தான், அதுவும் மூன்று சாண்தான், ஆனால் வால்வுக்கு மற்றப் பக்கம். அதனால் சம்பந்தம் இருக்குமா தெரியவில்லை. நேற்றைய ஓட்டை வேறு மாதிரி. உள்பக்கமாக, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்னக் கீறல்.

காற்று? கட்டைவிரல்தான். ஒப்புக்கொள்கிறேன்.

பழைய ரலி:

நல்ல சம்பந்தம் இருக்கிறது. ரியூப்புக்கு இடம் வலம் கிடையாது. புதியதைப் போடும்போது திருப்பிப் போட்டிருப்பார். அப்படிப் பார்த்தால் நாலு ஓட்டையும் ரயரின் ஒரே இடத்தில் விழுந்தவை. அந்த இடத்தில் ஒருவன் குடியிருக்கிறான்.

பெரும்பாலும் அது கண்ணாடி இல்லை, கம்பி. லொறி, பஸ் ரயர்களுக்குள் மெல்லிய உருக்குக் கம்பிகள் இருக்கும். ரயர் வெடித்துச் சிதறினால் அவை தெருவோரத்தில் கிடக்கும். தலைமயிர் அளவுதான். ரயருக்குள் ஏறிவிட்டால் வெளியே தலை தெரியாது, உள்ளே அரை மில்லிமீற்றர் நீட்டிக்கொண்டிருக்கும். நிறுத்தி வைத்தால் சும்மா இருக்கும், நீங்கள் ஏறி உட்கார்ந்து ஓட ஓட மெல்லக் குத்தும். அதனால்தான் நாலு நாள், பத்து நாள் என்று தவணை வைத்துப் போகிறது.

விரலால் தடவித் தேடாதீர்கள், கிழிக்கும். சாதாரணப் பஞ்சு ஒரு பிடி எடுத்து ரயரின் உள்சுவர் முழுக்கத் தடவுங்கள். ஒரு பக்கமாக மட்டும் தடவினால் போதாது, திரும்பவும் எதிர்ப்பக்கமாகத் தடவ வேண்டும். கம்பி சாய்ந்திருந்தால் ஒரு திசையில் பஞ்சு வழுக்கிக்கொண்டு போகும், மறு திசையில் மாட்டும். வால்வுக்கு இரண்டு பக்கமும் மூன்று சாணில் ஆரம்பியுங்கள். கிடைத்தால் நகம்வெட்டியாலோ சின்னக் குறட்டாலோ இழுத்துவிடலாம்.

தெஹிவளைக் காற்று:

ஐந்தாவது என்னுடைய பங்கு. இரட்டைக் கீறலுக்குச் சைக்கிள்காரர்கள் பாம்புக்கடி என்பார்கள். காற்றுக் குறைந்த ரயர் ஒரு விளிம்பில் அடிபடும்போது, ரியூப் அந்த விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே நசிந்து இரண்டு இடத்தில் வெட்டுப்படும். கம்பிக்கும் அதற்கும் தொடர்பில்லை. நாலாவது ஓட்டையை ஒட்டிய பிறகு கடையில் போதிய காற்று அடிக்கவில்லை, அவ்வளவுதான்.

ரயரின் பக்கச் சுவரைத் துடைத்துப் பாருங்கள், அளவு எழுதியிருக்கும். உங்கள் அகலத்துக்குப் பெரும்பாலும் 40 முதல் 65 பிஎஸ்ஐ வரை இருக்கும். ஆளின் பாரத்தில் பாதிக்கு மேல் பின்சில்லுதான் சுமக்கிறது. மடிகணினிப் பையும் முதுகில் என்றால் பின்னுக்கு 55 வையுங்கள், முன்னுக்கு ஐந்தாறு குறைக்கலாம். ஓட்டையே இல்லாவிட்டாலும் ரியூப் மெல்ல மெல்லக் காற்றை விடும், ஆகவே கிழமைக்கு ஒருதரமாவது அடியுங்கள். அளவுமானி வைத்த நிற்கும் பம்ப் ஒன்று வாங்கினால் அந்தக் காசு வீண்போகாது. பெற்றோல் செட்டில் உங்கள் வால்வுக்குக் காற்றடிக்கலாம், ஆனால் அது வாகனத்துக்கான இயந்திரம், கண்மூடித் திறப்பதற்குள் ரியூப்பை வெடிக்க வைத்துவிடும். விட்டு விட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

மின்னல் மிதி:

இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? ரியூப்புக்குள் அடைப்புத் திரவம் ஊற்றிவிட்டு மறந்துவிடுங்கள். நான் ஒரு வருடமாக ஒட்டே போடவில்லை.

பழைய ரலி:

திரவம் நல்லதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊசி ஓட்டை, முள்ளு ஓட்டை எல்லாம் தானாக அடைபடும். வால்வின் உள்ளூசியைக் கழற்ற முடிந்தால் ஊற்றுவதும் சுலபம். ஆனால் கம்பி உள்ளேயே இருந்தால் அது அடைக்க அடைக்க இவன் குத்திக்கொண்டிருப்பான். பாம்புக்கடிக்கு அனேகமாக உதவாது. எங்கள் வெயிலில் சில மாதத்தில் காய்ந்துபோகும், திரும்ப ஊற்ற வேண்டும். பிறகு ஒருநாள் பெரிய ஓட்டை விழுந்து ஒட்டப் போனால் ரியூப் பிசுபிசுவென்று இருக்கும், ஒட்டுப் பிடிக்காது. முதலில் கம்பியை எடுக்கட்டும், பிறகு விருப்பம் என்றால் ஊற்றட்டும்.

மின்னல் மிதி:

அது சரி. என்னுடையதும் ஊற்றி ஒரு வருடமாகிறது, உள்ளே காய்ந்துதான் கிடக்கிறதோ என்னவோ.

கொட்டாஞ்சேனை அக்கா:

தம்பி இரவில் தள்ளிக்கொண்டு வந்ததை வாசித்துத்தான் எழுதுகிறேன். அந்த நேரத்தில் தெருவில் ஒட்டுப் போட முயலக் கூடாது, முடியவும் முடியாது. பையில் ஒரு முழு ரியூப், ரயரைக் கழற்ற இரண்டு பிளாஸ்ரிக் நெம்பி, கைப்பம்ப் வைத்திருங்கள். மாற்றிவிட்டு வீட்டுக்கு வந்து, ஓட்டை விழுந்ததை ஆறுதலாக ஒட்டலாம். முதல் தடவை எனக்கு முக்கால் மணித்தியாலம் பிடித்தது. இப்போது பஸ் வருவதற்குள் முடித்துவிடுவேன். (அடிக்கடி வரும் 138ஆம் இலக்க பஸ் இல்லை, கொஞ்சம் மெதுவாக வரும் பஸ்.)

ரியூப் வாங்கும்போது வால்வைப் பார்த்து வாங்குங்கள். ஒல்லி வால்வுக்குத் துளைத்த ரிம்மில் தடித்த வால்வு நுழையாது. ஒல்லி வால்வு ரியூப் எல்லாத் தெருக்கடையிலும் கிடைப்பதும் இல்லை. உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

புது ரியூப்பைப் போடும்போதே நாசமாக்குபவர்கள் ஏராளம். நான்கூட ஒருமுறை தேக்கரண்டிக் காம்பால் நெம்பி, காற்றடிக்கு முன்னமே ஓட்டை போட்டேன். ரியூப்புக்குள் உருண்டை வரும் அளவுக்கு மட்டும் கொஞ்சம் காற்றடித்துவிட்டு உள்ளே வையுங்கள், முறுக்காது, நசியாது. கடைசிச் சாண் இறுக்கமாக இருக்கும். அங்கே நெம்பியை எடுக்காமல், ரயரின் விளிம்பைச் சுற்றிலும் ரிம்மின் நடுப்பள்ளத்துக்குள் தள்ளிக்கொண்டு வாருங்கள். தளர்வு கிடைக்கும், இரண்டு கட்டைவிரலாலேயே ஏறிவிடும். வால்வை ஒருதரம் மேலே தள்ளி இழுத்து, அடியில் ரியூப் அகப்படவில்லை என்று பார்த்த பிறகுதான் முழுக் காற்று. கொஞ்சம் குட்டிக்கூரா பவுடர் தூவினால் ரயருக்குள் ரியூப் ஒட்டாமல் இருக்கும். மணமும் நல்லது.

ஒட்டுவதில் எல்லோரும் விடும் பிழை அவசரம். உப்புத்தாளால் ஒட்டை விடப் பெரிய வட்டமாக உரசி, துடைத்து, சொலூசனை மெல்லிசாகத் தடவிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ஈரப் பளபளப்புப் போகும் வரை, ஐந்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தோடு ஒட்டினால் வழுக்கிக்கொண்டு வரும். இன்னொன்று, ஒருதரம் திறந்த சொலூசன் அடுத்த தடவை எடுக்கும்போது உள்ளே காய்ந்திருக்கும். சின்னக் குழாயாகவே வாங்குங்கள்.

தெஹிவளைக் காற்று:

மழை பற்றிக் கேட்கவே இல்லை, நானே சொல்கிறேன். மழை நாளில் காற்று அதிகம் போவது வெறும் கற்பனை இல்லை. வெள்ளம் தெருக் குப்பையை ஓரத்துக்கு அள்ளிக்கொண்டு வரும், ஈர ரப்பரைக் கண்ணாடி சுலபமாக வெட்டும். மரைன் டிரைவில் ஓரக் கல்லை உரசிக்கொண்டு ஓடாமல் இரண்டு முழம் தள்ளி ஓடுங்கள். பின்னால் ஹோர்ன் அடிப்பார்கள், அடிக்கட்டும். தேங்கி நிற்கும் தண்ணீருக்குள் இறங்கவே இறங்காதீர்கள், அடியில் குழியா போத்தலா என்று யாருக்குத் தெரியும்.

வெள்ளவத்தைச் சவாரி:

பன்னிரண்டு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும்.

கிடைத்தான்! அன்றிரவே பஞ்சை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரு பக்கமாகத் தடவியபோது ஒன்றும் இல்லை. எதிர்ப்பக்கம் வரும்போது மூன்றரைச் சாணில் பஞ்சு நூல் ஒன்று மாட்டி நின்றது. கண்ணிமை மயிரைப் போல ஒரு கம்பி. வெளியே பார்த்தால் அந்த இடத்தில் கறுப்பு ரப்பரைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. நகம்வெட்டியால் இழுத்து வெள்ளைத் தாளில் வைத்து அம்மாவுக்குக் காட்டினேன். "இதுக்கா இவ்வளவு செலவழிச்சாய்" என்றார்.

கடைக்காரரிடமும் கொண்டுபோய்க் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைப் போட்டு நன்றாகப் பார்த்துவிட்டு, "ரியூப்பும் சரியில்லைத்தான்" என்றார். விட்டுவிட்டேன், நல்ல மனுஷன்.

அக்கா சொன்னபடி நானே ஒட்டினேன். பாம்புக்கடிக்கு இரண்டு கீறலையும் மூடும் ஒரே பெரிய ஒட்டு. மானியோடு பம்ப் வாங்கியாயிற்று. கட்டைவிரலால் "சரி" என்று நான் நினைத்த காற்றை அளந்தால் 28 பிஎஸ்ஐ. இப்போது 55. பன்னிரண்டு நாளில் ஒருதரமும் போகவில்லை.

கடைசியாக ஒரு சந்தேகம். தேடும்போது இன்னோர் இடத்தில் கண்ணாடித் துண்டும் இருந்தது, அதையும் எடுத்துவிட்டேன். ரயரில் மூன்று மில்லிமீற்றர் வெட்டு இருக்கிறது. அப்படியே ஓடலாமா?

பழைய ரலி:

வெட்டு உள்ளே துணி வரை போகவில்லை என்றால் ஓடலாம். உள்ளே நூல் அறுந்து தெரிந்தால், அந்த இடத்தில் பழைய ரியூப்பிலிருந்து ஓர் ஒட்டு வெட்டி ரயரின் உள்சுவரில் ஒட்டிவிடுங்கள், ரியூப் அதற்குள்ளால் பிதுங்காது. காற்றடித்த பிறகு அந்த இடம் வெளியே புடைத்தால் மட்டும் ரயரை மாற்றத்தான் வேண்டும்.

முன் ரயரைப் பஞ்சால் பார்த்தீர்களா?

வெள்ளவத்தைச் சவாரி:

இல்லையே. அதில் காற்றே போகவில்லையே என்று விட்டுவிட்டேன். இரவைக்குப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

வெள்ளவத்தைச் சவாரி:

கண்ணாடி இரண்டு, ஒரு ஸ்ரேப்ளர் கம்பி. ஸ்ரேப்ளர் கம்பி கந்தோரிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.