நிற்கும்போது மட்டும் சூடேறும் எம்எக்ஸ்-5

கேள்வி:
வணக்கம். என்னுடையது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 கார். சிங்கப்பூரின் தீவு விரைவுச்சாலையில் ஓடும்போது நடுவில் நிற்கும் வெப்பமுள், உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் காத்திருக்கையில் மெல்ல மேலேறுகிறது. தெர்மோஸ்டாட்டை மாற்றியும் பலனில்லை. அடுத்து எதைப் பார்க்கலாம்?

மறுமொழி 1:
ஓடும் வண்டியின் ரேடியேட்டரை எதிர்க்காற்றே குளிர்வித்துவிடும். நின்றுவிட்டால் அந்தப் பொறுப்பு முழுவதும் விசிறியுடையது என்பதால், முதலில் அதையே சந்தேகியுங்கள். எஞ்சினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, எஞ்சின் அறையிலுள்ள சோதனைப் பெட்டியில் டிஎஃப்ஏ (TFA), ஜிஎன்டி (GND) எனக் குறித்த முனைகளை ஒரு கம்பியால் இணைத்தால் விசிறி சுழல வேண்டும். சுழன்றால் மோட்டாரும் அதற்கு மின்சாரத்தை இணைக்கும் ரிலேயும் நன்றாக உள்ளன. குறை பெரும்பாலும் சூடேறியதும் விசிறியை இயக்கும் வெப்பச் சுவிட்சிலோ அதன் கம்பியிலோ இருக்கும். சுழலாவிட்டால் ஃபியூஸ், ரிலே, மோட்டார் என்ற வரிசையில் பாருங்கள். நிறுத்திய வண்டியின் எஞ்சினை ஓடவிடுவது இங்கே குற்றம் என்பதால், வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வாகன நிறுத்துமிடத்தில் செய்ய ஏற்ற சோதனை இதுவே.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. விசிறி சுழன்றும் சூடு தணியாவிட்டால், ஏசி கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையே இலையும் தூசியும் அடைந்திருக்கின்றனவா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ரேடியேட்டரின் கறுப்புப் பிளாஸ்டிக் மேல்தொட்டி பழுப்பேறியிருந்தால், அது வெடிக்கும்வரை காத்திராமல் மாற்றிவிடுங்கள். எஞ்சின் நன்றாக ஆறும்வரை ரேடியேட்டர் மூடியைத் தயவுசெய்து திறக்காதீர்கள்.