டேங்கருக்குச் சட்டம் இருக்கிறது, டெம்போவுக்கு? குமரி மாவட்டத்தில் ஆபத்தான சரக்கு

குலசேகரம்_பால்வெட்டு (திரி தொடங்கியவர்):

போன வாரம் எங்கள் சந்தைப் பக்கம் ஒரு டெம்போவிலிருந்து பார்மிக் ஆசிட் கேன் சரிந்து மூடி தெறித்துவிட்டது. ரப்பர் பாலை உறைய வைக்க நாம் எல்லோரும் வாங்குகிற ஆசிட்தான். கேன்களுக்கு மேலே கோழித்தீவன மூட்டை, ஓரத்தில் வாழைக்குலை. ரோட்டில் ஆவி கிளம்பி, கடை வாசலில் நின்றவர்களுக்குக் கண் எரிச்சல், இருமல். டிரைவர் பையன் வெறுங்கையால் கேனை நிமிர்த்தப் போனான். பட்ட இடத்தில் தோல் வெளுத்துப் போனது. டீக்கடை அக்கா குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றியதால் அந்த அளவோடு தப்பினான்.

என்ன சரக்கு என்று கேட்டேன். "கேன் ஏற்றிவிட்டாங்க அண்ணே, குலசேகரத்தில் இறக்கச் சொன்னாங்க" என்கிறான். அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. கேனில் லேபிள் இல்லை. கையில் பில் மட்டும், அதிலும் சரக்கின் பெயர் சரியாக எழுதவில்லை.

ஆபத்தான சரக்கு என்றால் நம் எல்லோருக்கும் கேஸ் டேங்கர்தான் நினைவுக்கு வருகிறது. அதிகாரிகளும் அதைத்தான் நிறுத்திப் பார்க்கிறார்கள். ஆனால் நம் மாவட்டத்தில் தினமும் ஊருக்குள் ஓடுவது இந்தச் சின்ன வண்டிகள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 129 முதல் 137 வரை இதற்கென்றே இருக்கின்றன. அதில் 131-வது விதி, சரக்கை அனுப்புகிறவர் மேல்தான் முதல் பொறுப்பை வைக்கிறது: வண்டியில் முதலுதவிப் பெட்டியும் பாதுகாப்புச் சாமானும் இருக்கிறதா, வண்டிக்காரருக்குச் சரக்கைப் பற்றி முழு விவரம் கொடுத்தாயிற்றா, டிரைவர் பயிற்சி பெற்றவரா என்று பார்க்க வேண்டியது அவர். நடக்கிறதா? பிடிபட்டால் டிரைவர் மாட்டுகிறான், ஏற்றிவிட்டவர் கடையில் உட்கார்ந்திருக்கிறார். இதை மாற்ற வேண்டும்.

மார்த்தாண்டம்_ஏஜென்சி:

தம்பி, அந்தப் பையனுக்கு நடந்தது வருத்தமான விஷயம். ஆனால் நான் ஆசிட் விற்கிறவன், என் பக்கத்தையும் கேளுங்கள்.

அருமனை, கடையாலுமூடு, திற்பரப்பு என்று மலையோரத்தில் ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருக்கிற ஆட்கள்தான் என் வாடிக்கை. ஒருவருக்கு ஒரு கேன் வேண்டும். அதற்காக ஆபத்துச் சரக்கு லைசென்ஸ் உள்ள டிரைவர், எச்சரிக்கைப் பட்டை ஒட்டிய தனி வண்டி என்று நான் அனுப்பினால் கேனின் விலையை விட வாடகை கூடும். அதை யார் கொடுப்பார்? ரப்பர் ஷீட் விலை ஏறுவதும் இறங்குவதும் உங்களுக்கே தெரியும். கடைசியில் அவர் பைக்கில் முன்னால் வைத்துக் கட்டிக்கொண்டு போவார். டெம்போவை விட அது நல்லதா?

அந்த விதிகளை எழுதியவர்கள் மனதில் இருந்தது டேங்கர் லாரி. ஒரு கேனுக்கும் இருபதாயிரம் லிட்டர் டேங்கருக்கும் ஒரே சட்டம் என்றால் யாரும் எதையும் பின்பற்ற மாட்டார்கள். அமல்படுத்த முடியாத சட்டம் மாமூல் வாங்குகிறவனுக்குத்தான் லாபம். நம் மாதிரி வளர்ந்துவரும் நாட்டில் முதலில் ரோட்டைச் சரி பண்ணுங்கள். காவல்கிணறிலிருந்து களியக்காவிளை வரை நான்கு வழிச்சாலை என்று எத்தனை வருஷமாக இழுத்தடிக்கிறார்கள்!

என்ஹெச்66_ஓட்டுநர்:

நான் பெட்ரோல் டேங்கர் ஓட்டுகிறவன். ஏஜென்சி அண்ணாச்சி சொன்ன ரோட்டு விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை. வில்லுக்குறி, தக்கலை, மார்த்தாண்டம் வழியாக லோடோடு வருவது என்றால் ஒரு பக்கம் பள்ளிக்கூடப் பிள்ளைகள், ஒரு பக்கம் மினி பஸ். ஆனால் ரோடு சரியில்லை என்பதற்காக மற்றதை எல்லாம் விட்டுவிடச் சொல்வதை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

எனக்கு லைசென்ஸில் ஆபத்துச் சரக்கு என்று தனிக் குறிப்பு உண்டு. மூன்று நாள் பயிற்சி முடித்தால்தான் அது கிடைக்கும். முன்பு வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும், 2019 திருத்தத்துக்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை, அதற்கும் ஒரு நாள் வகுப்பு. வண்டியின் பக்கவாட்டிலும் பின்னாலும் பட்டை இருக்கும், அதில் சரக்குக்கான எண். பெட்ரோல் என்றால் 1203, சமையல் கேஸ் என்றால் 1075. உலகம் முழுக்க ஒரே எண். வண்டி கவிழ்ந்து நான் மயங்கிக் கிடந்தாலும் வருகிறவர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று அந்த எண் சொல்லிவிடும். அந்த டெம்போ பையன் மயங்கியிருந்தால் யார் சொல்லியிருப்பார்?

ஒரு குறையும் சொல்லிவிடுகிறேன். கேபினில் ட்ரெம் கார்டு என்று ஒன்று வைத்திருக்க வேண்டும், விபத்தானால் என்ன செய்ய வேண்டும் என்று அதில் இருக்கும். நான் பார்த்த பல வண்டிகளில் அது ஆங்கிலத்தில் மட்டும்தான். டிரைவருக்கு ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரிய வேண்டும் என்று விதி 9 சொல்கிறது. எத்தனை பேருக்குத் தெரியும்? கார்டைத் தமிழில் அடித்துக் கொடுக்க என்ன செலவாகும்?

மார்த்தாண்டம்_ஏஜென்சி:

டிரைவர் தம்பி, நீங்கள் டேங்கர் ஓட்டுகிறீர்கள், பின்னால் பெரிய கம்பெனி நிற்கிறது, பயிற்சிச் செலவு அவர்களுடையது. என் டெம்போக்காரர் காலையில் தோவாளையில் பூ ஏற்றுவார், மத்தியானம் என் கேன், சாயங்காலம் சிமெண்ட். அவரை மூன்று நாள் வகுப்பில் உட்கார வைத்தால் அந்த மூன்று நாள் கூலியை யார் கொடுப்பது?

தீயணைப்பு_ஓய்வு:

நான் தீயணைப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். கூலிக் கணக்கை நீங்கள் பேசிக்கொள்ளுங்கள். இடத்துக்குப் போய் நிற்கிறவன் கணக்கை நான் சொல்கிறேன்.

வண்டிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போனால் முதல் பத்து நிமிடம் வீண். அந்தப் பத்து நிமிடத்தில்தான் ஆள் சாவான். சமையல் கேஸ் காற்றை விடக் கனம். கசிந்தால் மேலே போகாது, ஓடையிலும் பள்ளத்திலும் படுத்து நகரும். திரவம் வாயுவானால் சுமார் 250 மடங்கு விரியும். அதற்குக் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் மேட்டில் போய் நிற்க வேண்டும், வண்டி ஸ்டார்ட் பண்ணக் கூடாது, வீட்டு ஸ்விட்சைத் தொடக் கூடாது. கசிவை நிறுத்த முடியாத நிலையில் எரிகிற தீயை அணைக்கவும் கூடாது. அணைத்தால் வாயு கூடிப் பிறகு ஒரேயடியாக வெடிக்கும். டேங்கின் மேல் தண்ணீர் அடித்துக் குளிர வைப்போம். அம்மோனியா நேர்மாறு, தண்ணீரில் நன்றாகக் கரையும், பனிபோல் நீரைத் தெளித்து ஆவியை அடக்கலாம். பார்மிக் ஆசிட் ஆள் மேல் பட்டால் கால் மணி நேரமாவது விடாமல் கழுவ வேண்டும். டீக்கடை அம்மா செய்தது மிகச் சரி. ஆனால் ரோட்டில் கொட்டியதைக் குழாய் வைத்து அடித்து ஓடையில் தள்ளினால் அது குளத்துக்குப் போகும். நம் ஊரில் எந்த ஓடை குளத்துக்குப் போகாமல் இருக்கிறது? மண் போட்டு அணை கட்டி, சுண்ணாம்பு போட வேண்டும். ஆக, சரக்குக்குச் சரக்கு வேலை மாறும். லேபிள் இல்லை என்றால் நாங்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு இறங்குகிறோம்.

2012 ஆகஸ்ட் 27 ராத்திரி கண்ணூர் பக்கம் சாலாவில் கேஸ் டேங்கர் சாலைத் தடுப்பில் மோதிக் கவிழ்ந்தது. வாயு வீடுகளுக்குள் பரவித் தீப்பிடித்து 20 பேர் போனார்கள். பாகிஸ்தானில் பகாவல்பூர் அருகே 2017-ல் கவிழ்ந்த டேங்கரில் இருந்து ஓடிய பெட்ரோலைப் பிடிக்க ஜனங்கள் பாத்திரத்தோடு ஓடினார்கள், 200 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே சட்டம் இல்லாமலா இருந்தது? ஜனங்களுக்கு யாரும் சொல்லவில்லை. பயிற்சி டிரைவருக்கு மட்டும் போதாது, ரோட்டோரத்தில் கடை வைத்திருக்கிறவருக்கும் வேண்டும்.

சின்னமுட்டம்_கரை:

ஐஸ் பிளாண்டுகளை மறந்துவிட்டீர்களே. குளச்சல், சின்னமுட்டம், தேங்காப்பட்டணம் எல்லா இடத்திலும் ஐஸ் பிளாண்ட் அம்மோனியாவில்தான் ஓடுகிறது. சிலிண்டரை மினி லாரியில் படுக்க வைத்து, உருளாமல் இருக்க ஒரு கல்லை முட்டுக் கொடுத்துக் கொண்டுபோவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். வால்வுக்கு மூடி கூட இல்லை. கரையில் ஜனம் எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்று தெரியும்தானே.

ஏஜென்சி அண்ணாச்சி ரோடு ரோடு என்கிறார். 2023 ஆகஸ்ட் 26 விடியற்காலை மதுரையில் ரயில் பெட்டி எரிந்து 9 பேர் செத்தது ரோட்டாலா? லக்னோவில் இருந்து வந்த சுற்றுலாப் பெட்டி, முந்தின நாள் நம் நாகர்கோவில் ஜங்ஷனில்தான் புனலூர் ரயிலோடு சேர்த்தார்கள். உள்ளே திருட்டுத்தனமாகச் சமையல் சிலிண்டர். நம் ஊர் பிளாட்பாரத்தில் நின்று போன பெட்டி அது! யாரும் ஏறிப் பார்க்கவில்லை.

மார்த்தாண்டம்_ஏஜென்சி:

அந்தச் சம்பவம் என் மனதையும் உலுக்கியதுதான். ஆனால் அது என் வாதத்துக்குத்தான் பலம். ரயிலில் சிலிண்டர் கூடாது என்று சட்டம் தெளிவாக இருந்தது. சோதனை இல்லை. நீங்கள் புதுச் சட்டம் கேட்கிறீர்கள், இருப்பதையே பார்க்க ஆள் இல்லை.

குலசேகரம்_பால்வெட்டு:

புதுச் சட்டம் நான் கேட்கவே இல்லை அண்ணாச்சி. 131-ஐ அமல்படுத்தத்தான் கேட்கிறேன். விதியை மீறினால் முதல் தடவை பத்தாயிரம் ரூபாய் அபராதம், அல்லது ஒரு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டம் 190-வது பிரிவு சொல்கிறது. அது டிரைவரோடு நிற்காமல் ஏற்றிவிட்டவர் வாசலுக்கும் போகட்டும்.

2022-ல் ஆபத்துச் சரக்கு வண்டிகளுக்கு இருப்பிடம் காட்டும் கருவி கட்டாயம் என்று மத்திய அரசு அறிவித்தது. அதுவும் மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளுக்கு மட்டும். சின்ன வண்டி அதிலும் இல்லை. சின்ன வண்டியில் போனால் ஆசிட் சின்ன ஆசிட் ஆகிவிடுமா?

இன்னொன்று. நம் தொழிலில் ரப்பர் பால் கெட்டுப்போகாமல் இருக்க அம்மோனியா, உறைய வைக்க ஆசிட். இரண்டும் ஒரே கடையில், பல நேரம் ஒரே வண்டியில். இரண்டும் கலந்தால் சூடு கிளம்பி ஆவி எழும். அதற்கு மேலே கோழித்தீவனம்.

என்ஹெச்66_ஓட்டுநர்:

அளவு விஷயத்தில் அண்ணாச்சி சொல்வதில் நியாயம் இருக்கிறது. வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் ஓட்டிய நண்பர் ஒருவர் சொல்லித்தான் நான் தேடிப் படித்தேன். ஐரோப்பாவில் ஏ.டி.ஆர். என்று ஆபத்துச் சரக்கை ரோட்டில் கொண்டுபோவதற்கு 1957-ல் ஜெனீவாவில் போட்ட ஒப்பந்தம் இருக்கிறது. அதில் சின்ன அளவுக்குச் சலுகை உண்டு. 85 சதவீத பார்மிக் ஆசிட் மாதிரி சரக்கு, அது மட்டும் தனியாகப் போனால், 333 லிட்டர் வரை வண்டிக்கு ஆரஞ்சுப் பட்டை வேண்டாம், டிரைவருக்குத் தனிச் சான்றிதழ் வேண்டாம். ஆனால் கேன் தரமானதாக இருக்க வேண்டும், லேபிள் இருக்க வேண்டும், தீயணைப்பான் இருக்க வேண்டும், ஓட்டுகிறவருக்கு என்ன சரக்கு என்று சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சலுகை என்றால் முழுவதும் விட்டுவிடுவதல்ல.

மார்த்தாண்டம்_ஏஜென்சி:

இது பேசத் தகுந்த பேச்சு. 333 லிட்டர் என்றால் ஒரு நடையில் என் டெம்போவில் போகிற அளவு அதற்குள் அடங்கிவிடும். லேபிள் ஒட்டுகிறேன், மூடிக்கு உள்மூடி போட்ட கேன் மட்டும் அனுப்புகிறேன், கையுறையும் தமிழில் அச்சடித்த சீட்டும் டிரைவரிடம் கொடுக்கிறேன். அதற்கு எனக்குப் பெரிய செலவில்லை. தீவன மூட்டையோடு ஏற்ற வேண்டாம் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அளவு வரம்பு இல்லாமல் எல்லாருக்கும் 131 என்றால் நான் எதிர்ப்பேன், வியாபாரிகளையும் சேர்த்துக்கொண்டு எதிர்ப்பேன்.

தீயணைப்பு_ஓய்வு:

சீட்டில் 101, 112 இரண்டு எண்ணும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். லேபிளில் எழுத்து மட்டும் போதாது, படமும் வேண்டும். அதில் இரண்டு குழாயில் இருந்து துளி விழுந்து ஒரு பக்கம் கை அரிக்கும், இன்னொரு பக்கம் உலோகம் அரிக்கும். அந்தப் படத்தைப் பார்த்தால் படிக்கத் தெரியாதவரும் கையை வைக்க மாட்டார்.

குலசேகரம்_பால்வெட்டு:

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுக்கலாம் என்று எழுதத் தொடங்கியிருக்கிறேன். லேபிள், தமிழ்ச் சீட்டு, உணவுப்பொருளோடு ஏற்றத் தடை, அனுப்புகிறவர் பெயரும் போனும் கேனில். சின்ன அளவுக்குத் தனி வரம்பு வைக்க அரசுக்குப் பரிந்துரை என்று ஒரு வரி, அண்ணாச்சிக்காகச் சேர்க்கிறேன். ஐஸ் பிளாண்ட் சிலிண்டருக்கு வால்வு மூடியும் கட்டுக்கம்பியும், அதை சின்னமுட்டத்து நண்பர் எழுதித் தரட்டும். அம்மோனியாவும் ஆசிட்டும் ஒரே வண்டியில் எந்த அளவிலும் கூடாது என்பதும் உண்டு.

மார்த்தாண்டம்_ஏஜென்சி:

கடைசி வரியில்தான் எனக்குத் தகராறு. பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு தோட்டத்துக்கு இரண்டு தடவை வண்டி அனுப்ப முடியாது. நடுவில் தடுப்பு வைத்து, இரண்டுக்கும் தனித் தட்டு போட்டால் போதும் என்று மாற்றுங்கள், நான் கையெழுத்துப் போடுகிறேன்.

குலசேகரம்_பால்வெட்டு:

அதை மாற்ற மாட்டேன் அண்ணாச்சி. பேச்சிப்பாறை ரோட்டு வளைவில் தடுப்பு நிற்காது, வண்டி சரிந்தால் தட்டும் சரியும். மற்றவற்றுக்கு உங்கள் கையெழுத்து வேண்டும். இந்த வரியை மட்டும் அடித்துவிட்டு, ஏன் ஒத்துக்கொள்ளவில்லை என்று பக்கத்தில் எழுதிப் போடுங்கள், அப்படியே கொடுக்கிறேன்.