தோட்டத்துச் சாளைக்கு நெட் வருமா, ஸ்பீடு நிக்குமான்னு முன்கூட்டியே எப்படிப் பாக்கறதுங்க?

ஊதியூர்த்தம்பி:
வணக்கமுங்க. எங்க வீடு ஊதியூர் பக்கம், ஊருக்குள்ள இல்லைங்க, தோட்டத்துச் சாளை, மெயின்ரோட்டுல இருந்து இட்டேரில ஒன்றரை கிலோமீட்டர் உள்ள வரோணும். தங்கச்சி கோயமுத்தூர்ல ஐடி வேலைல இருக்குது, பிரசவத்துக்கு இங்க வந்துட்டு கொஞ்ச நாள் வீட்டுல இருந்தே வேலை செய்யறேன்னு கேட்டிருக்குது, நெட் உறுதியா இருந்தாத்தான் கம்பெனில விடுவாங்களாம். பின்கோடு போட்டுப் பாத்தா ஒரு கம்பெனி சர்வீஸ் இருக்குதுன்னு காட்டுச்சு, வந்த பையன் இட்டேரியப் பாத்துட்டு இங்கெல்லாம் வராதுங்கன்னு திரும்பிப் போயிட்டான். ஊர் கேபிள்காரர் 100 எம்பிபிஎஸ் தரேன்ங்கறாரு, ஆனா இவ்வளவு தூரம் ஒயர் இழுத்தா ஸ்பீடு பாதியாப் போயிரும்னு பக்கத்துத் தோட்டத்து மாமா சொல்றாரு. மலை மறைக்கறதால போன் டவரும் சரியா இல்லை. ஒயர் காசு நாமதான் குடுக்கோணும். காசு கட்டறதுக்கு முந்தி எதையெதைப் பாக்கோணும்னு வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

வெள்ளகோவில்அக்கா:
தம்பி, பின்கோடை நம்பாத. ஒரு பின்கோடுக்குள்ள எத்தனை ஊரு, எத்தனை தோட்டம்! அதுல எங்கயோ ஒரு தெருவுல லைன் இருந்தாலும் இருக்குதுன்னுதான் காட்டும். அரசாங்கக் கணக்கும் அப்படித்தான். பாரத்நெட் திட்டத்துல தமிழ்நாட்டுல 12,525 ஊராட்சிக்கும் பைபர், அதாவது கண்ணாடி இழை ஒயர்ங்கறாங்க, நல்ல திட்டம்தான், ஆனா அந்தக் கணக்கு ஊராட்சி ஆபீஸ் வரைக்கும், அங்கிருந்து உங்க சாளைக்கு வர்றது தனிக்கதை. பிராட்பேண்டுன்னு சொன்னாலும் கேட்டுக்கோ, 2023க்கு முந்தி 512 கேபிபிஎஸ் இருந்தாலே பிராட்பேண்டு, இப்பத்தான் அதை 2 எம்பிபிஎஸ் ஆக்கியிருக்காங்க. அதனால "இருக்குது"ங்கற வார்த்தைய வெச்சு ஒண்ணும் முடிவு பண்ணாத, உங்க இட்டேரி மொனைல எந்தப் போஸ்ட்டுல எவனோட பெட்டி தொங்குதுன்னு நடந்து போய்ப் பாரு.

கோபிபைபர்:
நான் இந்த வேலைதானுங்க பாக்கறேன். மாமா சொல்றது பழைய டிவி கேபிளுக்கும் டெலிபோன் செம்பு ஒயருக்கும் சரி, பைபருக்குச் சரியில்லைங்க. பைபர்ல நெட் வெளிச்சமாத்தான் வருது, அந்த வெளிச்சம் ஒரு கிலோமீட்டருக்கு அரை டிபி (டெசிபல், கொறையறதை அளக்கற அளவு) கூட கொறையாது, வீட்டுக்குக் குடுக்கற ஜிபான்ங்கற பைபர் முறையே 20 கிலோமீட்டர் வரைக்கும் போறதுக்குன்னு செஞ்சதுதான். வெளிச்சத்தைக் கொறைக்கறது லைனைப் பிரிக்கற ஸ்பிளிட்டரும் ஜாயிண்ட்டும். ஒரு லைனை 8 ஆப் பிரிச்சா அங்கயே சுமார் 10 டிபி போயிருது, அந்தப் பெட்டில இருந்து இன்னொரு 8 பிரிச்சுக் குடுத்தாங்கன்னா இன்னும் 10. அதுக்கு மேல ஒயர் அறுந்த எடத்துலெல்லாம் உருக்கி ஒட்டற ஸ்ப்ளைஸ் மெஷின் இல்லாம கையில கனெக்டர் போட்டுச் சேத்துனா ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமாத் திங்கும்.

அதனால கேபிள்காரர் கிட்ட தூரத்தைக் கேக்காதீங்க, வெளிச்சத்தோட பவர் எத்தனை டிபிஎம் வருதுன்னு கேளுங்க. மீட்டர் வெச்சிருப்பாரு. உங்க வீட்டு மோடத்துக்கிட்ட மைனஸ் 15ல இருந்து மைனஸ் 24க்குள்ள இருந்தா அருமை, மைனஸ் 27ஐத் தாண்டுனா இன்னைக்கு ஓடும், மழை வந்தா செவப்பு லைட்டு எரியும். முழுக்காசு குடுக்கறதுக்கு முந்தி இதைக் கண்ணுல பாத்துக்கோங்க.

தாராபுரத்தான்:
வெளிச்சம் சரியா இருந்தாலும் ஸ்பீடு வேற விசயமுங்க, கேபிள்காரர் மேல இருந்து மொத்தமா எத்தனை எடுத்து எத்தனை வீட்டுக்குப் பங்கு போடறாருங்கறதுதான் அது. பகல்ல டெஸ்ட் பண்ணாதீங்க. அவரோட லைன் இருக்கற வீடு பக்கத்துல எதாச்சும் இருக்கும், ராத்திரி 8ல இருந்து 10க்குள்ள லேப்டாப் எடுத்துட்டுப் போய் வைபைல இல்லாம லேன் ஒயர்ல போட்டுப் பாருங்க, அப்பலோடையும் பாக்கோணும், வீடியோ கால்ல தங்கச்சி மூஞ்சி அந்தப்பக்கம் தெரியறது அப்பலோடுலதான். ஒரு காலுக்கு 4 எம்பிபிஎஸ் ரெண்டு பக்கமும் நின்னாப் போதும், 100 எல்லாம் தேவையே இல்லை, ஆனா விட்டு விட்டு வரக்கூடாது. ஒரு கால்மணி நேரம் பிங் (சின்னச் சேதி அனுப்பிப் பதில் வருதான்னு பாக்கறது) ஓடவிட்டு நடுவுல டைம் அவுட், அதாவது பதில் வராமப் போறது, இருக்குதான்னு பாத்துருங்க.

டவுன்லோடு ஆகறப்ப 12 தான் காட்டுதுன்னு சண்டைக்குப் போயிராதீங்க, அது மெகாபைட், எம்பிபிஎஸ்ங்கறது மெகாபிட் கணக்கு, 8 ஆல பெருக்குனா 100 கிட்ட வந்துரும்.

ஊதியூர்த்தம்பி:
ரொம்ப நன்றிங்க அண்ணா, அக்கா. இன்னொரு சந்தேகம், ஏர்பைபர்னு சொல்றாங்களே, ஒயரே இழுக்காம அது ஆகாதுங்களா? இல்லைன்னா ஒயரை ஈபி போஸ்ட்லயே கட்டிக்கலாமுங்களா?

கோபிபைபர்:
ஜியோ, ஏர்டெல் ரெண்டுமே 2023ல ஏர்பைபர் கொண்டு வந்தாங்க, 5ஜி டவர் சிக்னலை மொட்டை மாடில ஒரு பெட்டி வாங்கி வீட்டுக்குள்ள குடுக்கும். உங்களுக்கு மலை மறைக்குதுன்னு சொல்றீங்க, அந்த மறைப்பு அந்தப் பெட்டிக்கும் உண்டு. 5ஜி போன் ஒண்ணு எடுத்துட்டு மாடி மேல, தண்ணித்தொட்டி மேல ஏறிப் பாருங்க, அங்க நல்லா வந்தா அதுவே சல்லிசு, இல்லைன்னா பைபர்தான்.

ஈபி போஸ்ட்ல கட்டாதீங்க சாமி, கரண்டு ஆபத்து, லைன்மேன் வேலை செய்யறப்ப அறுத்தும் விடுவாங்க. தென்னை மரத்துலயும் வேண்டாம், மட்டை விழுகும், அணில் கடிக்கும். சொட்டுநீருக்குப் போடற கருப்பு ஓஸ் பைப்பு இருக்குதில்ல, அதுக்குள்ள ஒயரை விட்டு வேலியோரமா, ஏர் ஓட்டாத எடத்துல ரெண்டடி ஆழம் பொதைச்சுருங்க. உள்ள ரெண்டு இழை இருக்கற ரெண்டு கோர் ஒயராவே போடுங்க, ஒண்ணு போனா இன்னொண்ணு கைகுடுக்கும்.

வெள்ளகோவில்அக்கா:
மோடத்துக்கு 12 வோல்ட் சின்ன யுபிஎஸ் ஒண்ணு வாங்கிரு தம்பி, தோட்டத்துல கரண்டு எப்பப் போகும்னு தெரியாது, மீட்டிங் நடுவுல போச்சுன்னா அந்தப் பொண்ணுதான் பதில் சொல்லோணும். கேபிள்காரர் ஆபீஸ்லயும் பேட்டரி இருக்குதான்னு கேட்டுக்கோ, அங்க அணைஞ்சா நீ யுபிஎஸ் வெச்சும் பிரயோசனமில்லை.