9 வாரத்தில் இரண்டாவது முறையும் கருவின் இதயத்துடிப்பு நின்றுவிட்டது, அடுத்து எதைப் பார்ப்பது?

கேள்வி
வயது 28. இரண்டு கர்ப்பமும் 8, 9 வாரத்தில் துடிப்பு நின்று கலைந்தவை. டி அண்ட் சி (கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) செய்து எடுத்த திசுவை ஃபார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் ரசாயனத் திரவம்) பயாப்சிக்கு அனுப்பியதில் "கருத்திசு உள்ளது" என்பதோடு ரிப்போர்ட் முடிந்துவிட்டது. டார்ச் டெஸ்டில் (கருவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளுக்கான ரத்தப் பரிசோதனை) ஐஜிஜி என்ற எதிர்ப்புப் பொருள் பாசிட்டிவ். அதுதான் காரணமா? பப்பாளி சாப்பிட்டதும் ஸ்கூட்டரில் போனதும்தான் காரணம் என்கிறார்கள் வீட்டில்.

பதில் 1
ஐஜிஜி பாசிட்டிவ் என்றால் எப்போதோ வந்துபோன தொற்று. திரும்பத் திரும்பக் கலைவதற்கு அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. பப்பாளியும் ஸ்கூட்டரும் இல்லவே இல்லை. முதல் மூன்று மாதத்தில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்கு குரோமோசோம் எண்ணிக்கை பிசகியிருக்கும். 16-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே நேர்ந்துவிடும் பிசகு அது. கரு கலைந்த பெண்ணிடம் இதை யாராவது தெளிவாகச் சொல்ல வேண்டும்.

ஃபார்மலினில் செல்கள் செத்துவிடும், வளர்த்துக் குரோமோசோம் பார்க்க வழியில்லை. இனி ஒருமுறை இப்படி நேர்ந்தால் (நேரக் கூடாது) ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) டப்பாவில் நார்மல் சலைன் (உப்புநீர்) ஊற்றி அனுப்பச் சொல்லுங்கள். ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. சலைனில் அலசும்போது கடல்பாசிபோல் விரிந்து மிதக்கும் வெள்ளை இழைகள்தான் கருவுடையவை, அவற்றைப் பிரித்தெடுக்க வேண்டும். தாயின் திசு கலந்துவிட்டால் "46, எக்ஸ்எக்ஸ், நார்மல்" (46 குரோமோசோம், பெண்) என்று வரும், அது தாயின் ரிப்போர்ட்டாகவே இருக்கலாம்.

பதில் 2
இரண்டு முறை ஆகிவிட்டதால், ரத்தத்தை எளிதில் உறையவைத்துக் கர்ப்பத்தைக் கலைக்கக்கூடிய எதிர்ப்புப் பொருள்கள் இருக்கின்றனவா என்று ரத்தத்தில் மூன்று டெஸ்ட் பாருங்கள்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், ஆன்டிகார்டியோலிபின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன். பாசிட்டிவ் வந்தால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதிப்படுத்த வேண்டும். ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் ஊசி) போட்டுக்கொண்டிருக்கும்போது எடுத்தால் லூபஸ் முடிவை நம்ப முடியாது. உறுதியானால் அடுத்த கர்ப்பத்தில் ஆஸ்பிரினும் ஹெப்பாரினும் தருவார்கள். "எதற்கும் இருக்கட்டும்" என்று ஹெப்பாரின் போடுவது தேவையில்லாத ஊசி.

கூடவே டிஎஸ்ஹெச் (தைராய்டு), ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சர்க்கரை அளவு). கருப்பைக்குள் தடுப்புச்சுவர் இருக்கிறதா என்பதற்கு 3டி ஸ்கேன், சாதாரண ஸ்கேனில் அது தப்பிவிடும். ரத்த வகை நெகட்டிவ் என்றால் டி அண்ட் சி முடிந்த 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி (அடுத்த கர்ப்பத்தில் ரத்த வகை மோதலைத் தடுக்கும் ஊசி) போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் தேடுங்கள்.

கேள்வி கேட்டவர்
நன்றி. நெகட்டிவ் இல்லை, ஓ பாசிட்டிவ். கர்ப்பத்தைத் தாங்க உதவும் புரொஜெஸ்ட்ரோன் ஹார்மோன் மாத்திரை பலன் தருமா?

பதில் 2
கலைந்த முன்வரலாறு இருந்து, இந்தக் கர்ப்பத்தில் ரத்தக்கசிவும் இருந்தால் பலன் உண்டு: 400 மி.கி. காலை, இரவு பிறப்புறுப்பில் வைப்பது, 16 வாரம்வரை. அதுவும் ஸ்கேனில் கரு கருப்பைக்குள் இருப்பது உறுதியான பிறகு, டாக்டர் எழுதித் தந்தால்.

பதில் 3
இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு: 14 வாரத்துக்கு மேல் வலியே இல்லாமல் கருப்பை வாய் திறந்து கலைந்திருந்தால் தேடும் இடமே வேறு. அடுத்த முறை கருப்பை வாயின் நீளத்தை ஸ்கேனில் அளந்துகொண்டே வர வேண்டும். 24 வாரத்துக்குள் 25 மி.மீ.க்குக் கீழே போனால் தையல் போடுவது பற்றி டாக்டரிடம் அன்றே பேசுங்கள். எத்தனையாவது வாரம் என்பதை நாள் தள்ளிய கணக்கில் மட்டும் சொல்லாமல், ஸ்கேனில் கருவின் நீளம் எவ்வளவு என்பதையும் எழுதி எடுத்துப் போங்கள். 11 வாரக் கணக்கில் 7 வார நீளம்தான் இருந்தது என்றால் வளர்ச்சி முன்பே நின்றிருக்கிறது.