"சொல்லு, செய்றேன்" என்றதும் ஏன் கோபம் வருகிறது?

மாதக்கடைசி:
பதினோரு வருடமாகக் கணக்குப் பிரிவில் இருக்கிறேன். மாதக் கடைசியில் வீடு திரும்ப ஒன்பது மணி ஆகிவிடும். வேடிக்கை என்னவென்றால், அந்த நாட்களில் எனக்கும் என் கணவருக்கும் சண்டையே வராது. ஆறு மணிக்கே வந்துவிடும் நாட்களில்தான் வரும். செருப்பைக் கழற்றும்போதே கண் வேலையைப் பொறுக்க ஆரம்பித்துவிடும்: மடிக்காத துணி, கையெழுத்துப் போடாத பள்ளி டைரி, நாளைக்கு வேண்டிய சீருடை. அவர் நல்ல மனிதர்தான். "என்ன செய்யணும்? சொல்லு, செய்றேன்" என்பார். அந்தச் "சொல்லு"தான் எரிச்சல். யோசிப்பது யார்?

ஒருநாள் தணிக்கைக் கூட்டத்தின் நடுவில் போன். குழந்தைக்குக் காய்ச்சல், "மருந்து எத்தனை மில்லி?" என்றார். பாட்டில் அவர் கையில். மருத்துவர் எழுதிய சீட்டு அதிலேயே ரப்பர் பேண்ட் போட்டுச் சுற்றியிருந்தது. சுற்றி வைத்ததும் நான்தான். "சீட்டைப் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதன்பின் கூட்டத்தில் என்ன பேசினார்கள் என்றே தெரியாது.

அப்புறம் பாதிப் பாதியாகப் பிரிக்கும் கணக்கை விட்டோம். குழந்தையின் உடம்பு சம்பந்தப்பட்டது முழுக்க அவர் பொறுப்பு. ஒரு தடுப்பூசி நான்கு நாள் தள்ளிப்போனது. நாக்கைக் கடித்துக்கொண்டு சும்மா இருந்தேன். இருந்ததிலேயே கஷ்டம் அதுதான்.

திரும்பப்போனவள்:
எனக்கு நேர்மாறு. நிம்மதி வேண்டும் என்று வேலையை விட்டு ஒன்றரை வருடம் வீட்டில் இருந்தேன். அவசரம் குறைந்தது உண்மை. ஆனால் ஒரு ஹேர் கிளிப் வாங்கக்கூட அவரிடம் காசு கேட்க வேண்டும். "எதுக்கு?" என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, கேட்டுவிடுவாரோ என்று நானே காரணம் தயார் செய்து வைத்திருப்பேன். இப்போது மறுபடி வேலை. வீடு அலங்கோலம்தான், ஆனால் நாங்கள் சிரித்துப் பேசுகிறோம்.

புத்தகப்பூச்சி:
சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2018 அறிக்கைப்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைக்கும் பராமரிப்புக்கும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 4 மணி 25 நிமிடம் செலவிடுகிறார்கள். ஆண்கள் 1 மணி 23 நிமிடம். இன்னொன்று: அமெரிக்காவில் டார்பி சாக்ஸ்பி என்ற உளவியலாளரின் குழு, இருவரும் வேலைக்குப் போகும் தம்பதிகளின் எச்சிலில் கார்டிசோல் என்ற மன அழுத்த ஹார்மோனை அளந்தது. கணவர் வீட்டு வேலையில் அதிக நேரம் செலவிட்ட வீடுகளில், மாலையில் மனைவியின் கார்டிசோல் நன்றாக இறங்கியது. கணவர்களுக்கு எப்போது நன்றாக இறங்கியதாம்? தங்களுக்கு ஓய்வு அதிகமாகவும் மனைவிக்குக் குறைவாகவும் இருந்தபோது. இதைப் படித்த அன்று என்னவரோடு பேசவே பிடிக்கவில்லை, பாவம்.

கோணல்துண்டு:
நான் ஆண். நானும் "சொல்லு" கட்சிதான். போன வருடம் துணி முழுவதும் என் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டேன். நான் மடித்து வைத்ததை என் மனைவி என் கண் முன்னாலேயே பிரித்து மறுபடி மடித்தாள். இரண்டு தடவை பொறுத்தேன். மூன்றாவது தடவை விட்டுவிட்டேன். பெரிய சண்டை. பிறகு பேசி மறுபடி ஆரம்பித்தேன். நேற்று அலமாரியைத் திறந்தாள். துண்டுகள் கோணல்மாணலாகத்தான் இருந்தன. பார்த்தாள், ஒன்றை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டாள்.